நாலாவது இடத்தில் யாரும் அளக்கவில்லை, ராத்தா

என் ரஹீமா ராத்தாவுக்கு,

பக்கத்து மேசையிலிருந்து உங்கள் தங்கச்சி மலர் எழுதுகிறேன். உங்கள் மேசை இன்னும் யன்னலோரம்தான் இருக்கிறது. புதிதாக வந்த விரிவுரையாளர் பிள்ளை ஒன்று இப்போது அதில் இருக்கிறாள். முதல் நாள் அவள் கதிரையை இழுத்தபோது நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். பிறகு அது வளாகத்துக் கதிரை, உங்கள் வீட்டுக் கதிரை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நீங்கள் போய் ஒரு மாரி முழுதாகக் கழிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில், வகுப்புக்கு ஏறும் படிக்கட்டில், சோறு வடிக்கும்போது. இந்த முறை அப்படிச் சொல்லி முடியவில்லை. பத்திரிகையில் ஆண்டு நினைவுக்குப் படமும் நாலு வரியும் போடுவார்கள். எனக்கு நாலு வரி காணாது. அதனால்தான் மற்றவர்களும் வாசிக்கும்படி இப்படி நீளமாக எழுதுகிறேன்.

விசயம் அஸ்மாவைப் பற்றியது. உங்கள் மகள் இந்த வருடம் முதல் வகுப்பில் தேறுவாள் என்று நாங்கள் எல்லோரும் இருந்தோம். இப்போது அவள் இந்த வருடம் தேறுவாளா என்பதே விசாரணைக் குழுவின் கையில் இருக்கிறது. அவளுடைய பெயரை அந்தக் குழுவுக்கு எழுதி அனுப்பியது நான்.

அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், ராத்தா. கேட்காமல் எழுதுவேனா? போனில் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு வந்தது: “எழுதுங்க. கெம்பஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அழுததை மட்டும் எழுதாதீங்க.” ஆகவே அவள் அழவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளில் ஒருத்திக்கு நிரோஜா என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன். மிச்சப் பேரின் பெயர் இங்கே தேவையில்லை.

மூன்றாம் வருடத்தாரின் துறைமுகச் செயன்முறை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வருடமும் மாரி ஓயும் நேரத்தில் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து மீன்பிடிப் படகில் போய், துறைமுகத்தின் வாயிலிருந்து உள்ளே வரும் வழியில் ஐந்து இடங்களில் நீரின் உப்புத்தன்மையை அளக்க வேண்டும். முதல் மூன்று இடங்களுக்கும் யாரும் போகலாம், ஐந்தாவதுக்குக் கரைவழியாகவும் போகலாம். நாலாவது இடம் சீனன்குடாப் பக்கம், பாதுகாப்பு எல்லைக்குள் வருகிறது. அதற்கு ஒவ்வொரு முறையும் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். நீங்கள் இருந்த காலத்தில் நீங்களே போய் முகாம் வாசலில் நின்று அந்த அனுமதியை வாங்கி வருவீர்கள், படகிலும் நீங்களே ஏறுவீர்கள். நீங்கள் நோயில் படுத்த பிறகு பிள்ளைகள் தாங்களாகவே போய் வருகிறார்கள். உங்கள் பாடங்களில் பாதி என்னிடம் வந்தது, மீதிப் பாதிக்கு இன்னும் ஆளில்லை.

இந்த முறை அவர்கள் போன நாளில் எனக்கு முதலாம் வருடத்தாரின் பரீட்சை மேற்பார்வை. அறிக்கைகள் வந்து சேர்ந்ததும் ஒரு சனிக்கிழமை காலை ஆய்வுகூடத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். இப்போதெல்லாம் அறிக்கை வாசிக்கவே பயமாக இருக்கிறது, ராத்தா. முன்பு ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதுவதுதான் எங்களுடைய கவலை. ஒரே பிழை இரண்டு தாளில் வந்தால் பிடித்துவிடுவோம். இப்போது போன் எழுதிக் கொடுக்கிறது. எல்லாருடைய ஆங்கிலமும் ஒரேயடியாக நல்லாகிவிட்டது. ஒரு வசனத்தை வாசித்து, இது பிள்ளையின் மூளையிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இலக்கங்களையாவது நம்பலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவை கடலில் போய் எடுத்தவை அல்லவா?

இலக்கங்களில்தான் பிழை இருந்தது.

எட்டுக் குழுக்களில் ஏழு குழுக்களின் அறிக்கையில் உப்புத்தன்மை வாயிலிருந்து உள்ளே வர வர ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. வரைபில் கோடு போட்டால் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல். உங்களுக்குச் சிரிப்பு வருமே. நாலாவது இடம் எப்போதாவது ஒழுங்காக நின்றிருக்கிறதா? அங்கே ஓடை வந்து விழுகிறது. மழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் மேலே படலமாக நிற்கும். மேல் நீரை அளந்தால் இலக்கம் ஐந்தாவது இடத்தையும்விடக் கீழே போய்விடும். பிள்ளைகள் முகம் சுருங்கி உங்களைப் பார்ப்பார்கள். “இதுக்குத்தான் உங்களைக் கூட்டி வந்தன்” என்பீர்கள் நீங்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டீர்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போய், துறைமுகச் செயன்முறைக்கு அனுமதி எந்தத் தேதிக்குக் கிடைத்தது என்று கேட்டேன். எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “அது இன்னும் வரேல்லையே மிஸ். அந்தக் கிழமை கப்பலொண்டு வந்து நிண்டது. பிறகுதான் தருவினமாம்.”

யாருமே நாலாவது இடத்துக்குப் போகவில்லை.

எட்டாவது குழுவின் அறிக்கையில் மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே ஒரு வரி: அனுமதி கிடைக்காததால் இவ்விடத்தில் அளவீடு எடுக்கவில்லை. அது நிரோஜாவின் குழு. அவள் குச்சவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவள். கூப்பிட்டுக் கேட்டேன். ஏதோ பெரிய கொள்கை சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“எனக்கும் ஒரு நம்பர் போட விருப்பம்தான் மிஸ். கூட இருந்தவை போடு போடு எண்டு அரிச்செடுத்தவை. ஆனா நீங்கள் வந்து முகத்தைப் பாத்துக் கேட்டா நான் முழிச்சிடுவன். என்ர அம்மாவே என்னைப் பொய் சொல்ல விடமாட்டா, அவ்வளவு கேவலமாச் சொல்லுவன்.”

“இப்ப கூட இருந்தவை என்ன சொல்லுகினம்?”

“அவையளுக்கும் சேத்துப் புள்ளி போச்செண்டு கோவம். என்னை இப்ப ‘நேர்மை வாரம்’ எண்டுதான் கூப்பிடுகினம். நேர்மை வாரம் வருது, தள்ளியிருங்கோ எண்டு.”

நேர்மை வாரம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு வந்த புதினம் அது. பீடத்தில் ஒரு வாரம் வைத்தோம். நூலக வாசலில் துணிப் பதாகை, ஒரு கருத்தரங்கு, எல்லோரும் எழுந்து நின்று ஓர் உறுதிமொழி. பிறர் உழைப்பைத் திருடமாட்டோம், இல்லாததை இருப்பதாக எழுதமாட்டோம் என்று. மேடையில் நின்று அதை ஒவ்வொரு வரியாக வாசித்துக் கொடுத்தது அஸ்மா. அவள் குரலில் உங்களுடைய அழுத்தம் இருக்கிறது. நான் பின்வரிசையில் இருந்து பெருமைப்பட்டேன்.

அவளையும் கூப்பிட்டேன். கூப்பிட முன்னம் தண்ணீர் குடித்தேன், மேசையில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக அடுக்கினேன், பிறகு கலைத்தேன். அவள் வந்து கதவடியில் நின்றாள். வளாகத்துக்குள் அவளுக்கு நான் மிஸ், உங்கள் வீட்டில் சாச்சி, சின்னம்மா முறை. இவ்வளவு காலமும் அவளுக்கு அது பிசகியதே இல்லை.

“நாலாவது இடத்துக்கு எப்ப போனனீங்கள் அஸ்மா?”

“மத்ததுகளோடதான் மிஸ். அண்டைக்கே.”

“படகுக்காரர் எல்லைக்குள்ள விட்டவரோ?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆய்வுகூடத்துக் குழாயைப் பார்த்தாள்.

“போகல்ல.”

“அப்ப அந்த நம்பர்?”

“மூணாவதையும் அஞ்சாவதையும் கூட்டி ரெண்டால பிரிச்சம்.”

“ஏழு குழுவுமோ?”

“குப்பியில நான்தான் சொல்லிக் குடுத்தன். ஆளாளுக்குக் கொஞ்சம் மாத்திப் போடுங்க, ஒரே மாதிரி இருந்தா மிஸ் பிடிச்சிருவாங்க எண்டும் சொன்னன்.”

குப்பி என்பது எங்கள் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் தாங்களாகவே கூடி ஒருத்தருக்கொருத்தர் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கம். ஆசிரியர் கிடையாது, கட்டணம் கிடையாது. அஸ்மாவின் குப்பிக்கு நல்ல பெயர். நான் வகுப்பில் சொல்லி விளங்காததை அவள் மரத்தடியில் சொல்லி விளங்கவைப்பாள். எத்தனையோ பிள்ளைகள் அதனால்தான் கரையேறினார்கள். அதே நல்ல வழியாலேதான் இதுவும் ஏழு குழுவுக்கும் போயிருக்கிறது. குப்பியை நான் எப்படிக் கெட்டது என்று சொல்வேன்?

“அது பொய்யெண்டு உனக்குத் தெரியேல்லையோ?”

“தெரியும். பெரிய பொய்யாத் தெரியல்ல. ரெண்டு பக்கமும் தெரிஞ்சா நடுவில உள்ளதைக் கணக்குப் பண்ணலாம் எண்டு புத்தகத்தில இருக்குத்தானே?”

“கணக்குப் பண்ணினது எண்டு எழுதியிருக்கலாம். இல்லாட்டி வெறுமையா விட்டிருக்கலாம்.”

அப்போதுதான் அவளுக்கு அது பிசகியது. “வெறுமையா விட்டா அந்தப் பகுதி முழுக்க முட்டை, சாச்சி. உம்மா போட்ட சட்டம் அது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரியாமலா?

உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு வருடம் ஒரு குழு வெயிலுக்குப் பயந்து தூர இடத்துக்குப் போகாமல் இறங்குதுறையிலேயே இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு, கடல் கொந்தளிப்பு, போக முடியவில்லை என்று எழுதித் தந்தது. நீங்கள் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டீர்கள். “கொந்தளிப்பாம். அண்டைக்குக் கடல் தட்டில ஊத்தின பால் மாதிரிக் கிடந்திச்சு, மலர்.” அதற்குப் பிறகு புள்ளித் திட்டத்தில் அந்த வரியைச் சேர்த்தீர்கள்: ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் அந்தப் பகுதிக்குப் புள்ளி இல்லை. காரணம் எதுவானாலும் இல்லை. பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு ஒருத்தரும் வரக்கூடாது என்பதற்காகத்தான் போட்டீர்கள். அடுத்த வருடமே வெறுமையான கட்டம் நின்றுபோனது. துறை முழுக்க அதைப் பாராட்டியது.

இப்போது அந்தத் திட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு எட்டுக் குழுவுக்கும் புள்ளி போட்டுப் பார்த்தேன். இல்லாததை எழுதிய ஏழு குழுவுக்கும் நல்ல புள்ளி வந்தது. உள்ளதை எழுதிய நிரோஜா கடைசியில் நின்றாள். பேனையை வைத்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? கோபப்பட்டிருப்பீர்களா? யாரில்?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் நோயில் படுத்த பிறகு வந்த அறிக்கைகள் எல்லாம் அலுமாரியில் கட்டிவைத்திருக்கின்றன. அவற்றிலும் நாலாவது இடம் ஒழுங்காகவே நிற்குமோ, நான் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்று வேலைக்கும் போய்விட்டார்கள். அலுமாரித் திறப்பு என் கைப்பையில்தான் கிடக்கிறது.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஜனாஸா அடக்கத்தன்று மழையில் நனைந்தபடி கடைசிவரை நின்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“ஏழு குழு மலர். எல்லாரையும் பிடிச்சா பட்டமளிப்பில கதிரையளுக்குத்தான் பட்டம் குடுக்கோணும்.”

“அதுக்காக விடுறதோ சேர்?”

“விடச் சொல்லேல்ல. புள்ளியில கொஞ்சம் குறைச்சு, கூப்பிட்டு ரெண்டு ஏச்சு ஏசுங்கோ. விசாரணைக்குப் போனா அது வேற கதை. தேறினாலும் வகுப்புக் கிடைக்காது. சில நேரம் ஒரு வருசம் நிப்பாட்டியும் வைப்பினம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ரஹீமாவின்ர பிள்ளையும் அதுக்குள்ள இருக்குத்தானே?”

“அதாலதான் விட ஏலாமல் கிடக்கு சேர்.”

“அதாலதான் விடோணும் எண்டு நான் சொல்ல வந்தனான்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் எழுந்துவர முடியவில்லை. மூன்று வருடம் பஸ்ஸிலும் படகிலும் வந்து படித்த பிள்ளைகள். தந்தையர் வயலிலும் கடலிலும் நிற்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஒரு இலக்கம். யாருக்கு என்ன நட்டம்? ஆனால் நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் ஓர் ஊரின் குடிதண்ணீரைப் பரிசோதித்துக் கையெழுத்து வைக்கப் போகிறார்கள். துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கீழே நிலத்தில் என்ன ஊறுகிறது என்று அளக்கப் போகிறார்கள். அங்கேயும் ஒரு நாள் வாசல் பூட்டியிருக்கும். அப்போது கூட்டி இரண்டால் பிரிப்பார்களா?

இரண்டு நாள் கழித்து விசாரணைக் குழுவுக்கு எழுதினேன். முதல் வரியிலேயே, இந்த மாணவர்களில் ஒருத்தி எனக்குப் பெறாமகள் முறையானவள், ஆகவே விசாரணையில் நான் இருக்கக்கூடாது, இந்தப் பாடத்தின் புள்ளிகளையும் வேறொருவர் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். பிறகு நடந்ததை எழுதினேன். கடைசியில், வெறுமையான கட்டத்துக்குப் புள்ளி இல்லை என்ற விதியையும் குழு விசாரிக்க வேண்டும், பிள்ளைகளைப் பொய்யின் பக்கம் தள்ளியதில் அதற்கும் பங்கு இருக்கிறது என்று எழுதினேன். அந்த விதியைப் போட்டது யார் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டது சரியா ராத்தா? உங்களை அந்த அறைக்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். இங்கே உங்களை அறிந்தவர்கள் வாசிப்பார்கள். எதற்காகப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து வாசிப்பார்கள்.

அந்தக் கிழமையே பாலம் தாண்டிக் கிண்ணியாவில் உங்கள் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து அஸ்மாவின் வாப்பா, அத்தானுக்குத் தெரிய முன்னம் நான் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அஸ்மா உள்ளறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அத்தான் குசினிக்குள் போய் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“செஞ்சது பிழைதான். நான் இல்லெண்டு சொல்லல்ல,” என்றார். “வேற ஆள்ர கையால வந்திருந்தாத் தாங்கியிருப்பன் தங்கச்சி.”

“வேற ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்காது அத்தான். நாலாவது இடம் எப்பிடி நிக்கும் எண்டு இப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப தெரியாத மாதிரி இருந்திருக்கலாமே.”

நான் எழுந்தேன். “தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க,” என்றார். குடித்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. வேறு யாருடைய மகளாகவோ இருந்திருந்தால் இவ்வளவு விரைவாக எழுதியிருப்பேனா? இரண்டு ஏச்சோடு விட்டிருப்பேனா? உங்கள் மகளுக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், அவளை வைத்து என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேனா? நேர்மை என்று நான் நினைத்ததில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு அனுமதி வந்தது. நான் துறையில் கதைத்து, விரும்பிய பிள்ளைகள் நாலாவது இடத்துக்கு வரலாம் என்று அறிவித்தேன். இதற்குப் புள்ளி கிடையாது, விசாரணைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று எழுதியே போட்டேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேருக்கு மேல் வந்தார்கள். அஸ்மாவும் வந்தாள். எனக்கு ஸலாமும் இல்லை, காலை வணக்கமும் இல்லை. படகின் முன்பக்கத்தில் நிரோஜாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். “நேர்மை வாரத்துக்குப் பக்கத்தில இருந்தா ஒட்டிக்கொள்ளும், யோசிச்சுக்கொள்” என்று பின்னாலிருந்து ஒரு பொடியன் சொல்ல, நிரோஜாவே சிரித்தாள். அஸ்மா சிரிக்கவில்லை.

முதல் நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தது. அஸ்மா கருவியை நீரில் விட்டாள். வாசித்தாள். தூக்கிக் கழுவித் திரும்பவும் விட்டாள்.

“மெஷின் பிழை.”

“எங்கட மெஷினும் அதைத்தான் காட்டுது,” என்றாள் நிரோஜா.

“இவ்வளவு குறைய வர ஏலாது. அஞ்சாவதை விடக் கீழ போகுதே.” அவள் கருவியை இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறக்கினாள். இலக்கம் சரசரவென்று ஏறியது. மேலே இழுத்தாள், இறங்கியது. ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தாள். படகுக்காரர், நேரம் போகுது தங்கச்சி, எல்லைக்க நிக்க விடமாட்டினம் என்று சொல்லும்வரை. அவளுடைய முகத்தில் முதலில் எரிச்சல் இருந்தது. பிறகு அது போய்விட்டது. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டிய முகம் அது.

கரைக்குத் திரும்பும்போது என் பக்கமாக வந்து இருந்தாள். இயந்திரச் சத்தத்தில் நான் மட்டும்தான் கேட்டேன்.

“உம்மாக்கு இது தெரியுமா?”

“ஓம். இதுக்காகத்தான் அவ இந்த இடத்தைச் சேத்தவ.”

“எனக்கேன் சொல்லல்ல?”

பரீட்சையில் வரும் விசயத்தை மகளுக்கு முன்கூட்டிச் சொன்னால் அது சலுகை என்று நினைத்தீர்களா? படகில் நீங்களே கூட்டிப் போய்க் காட்டலாம் என்று வைத்திருந்தீர்களா? அதற்குள் நோய் முந்திக்கொண்டதா? எனக்குத் தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். கடைசிவரை என்னை மிஸ் என்றும் சொல்லவில்லை, சாச்சி என்றும் சொல்லவில்லை.

புள்ளித் திட்டத்தை மாற்றிவிட்டோம் ராத்தா. துறைக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன். இனி ஒரு இடத்தில் அளக்க முடியாமல் போனால், அந்தக் கட்டத்தில் ஏன் முடியவில்லை என்று எழுத வேண்டும். அந்தக் காரணத்தை நாங்கள் போய் விசாரிப்போம். உண்மையானால் முழுப் புள்ளி. கொத்துரொட்டி சாப்பிட்டவர்களும் திரும்ப வருவார்கள், உங்கள் குரல் காதில் கேட்கிறது. வரட்டும். அவர்களைப் பிடிப்பது எங்களுடைய வேலை. அந்த வேலையைக் குறைக்கத்தான் அப்படி ஒரு விதி போட்டோமோ என்று இப்போது யோசிக்கிறேன். ஒவ்வொரு அறிக்கைக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கொஞ்ச நேரம் கதைப்பது என்றும் முடிவெடுத்திருக்கிறோம். போன் எழுதியதோ தான் எழுதியதோ, வாய் திறந்தால் தெரிந்துவிடும். நேரத்துக்கு எங்கே போவது என்று தலைவர் கேட்டார். எனக்கும் தெரியாது. நிரோஜாவின் குழுவுக்குப் புதிய திட்டப்படியே புள்ளி போடும்படி விசாரணைக் குழுவைக் கேட்டிருக்கிறேன்.

அலுமாரியைத் திறக்கவேண்டும். அடுத்த கிழமை திறப்பேன். தனியே இல்லை, தலைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உள்ளே என்ன இருந்தாலும் அதையும் எழுத வேண்டிவரும்.

விசாரணை முடிந்துவிட்டது. முடிவு வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம். வழியைச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அஸ்மா முதலிலேயே சொல்லிவிட்டாளாம். அது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதலாகத் தண்டனை கிடைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மை சொன்னதற்காகக் குறையலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். நான் அந்த அறையில் இல்லை. இருக்கக்கூடாது என்று எழுதியது நானே. ரெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். அடிக்காவிட்டாலும் எடுத்துப் பார்க்கிறேன். நேற்று வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். எங்கே விட்டேன் என்று பிள்ளைகள்தான் எடுத்துத் தந்தார்கள்.

நீங்கள் கொழும்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவளைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லவில்லை. யாராவது கேட்டால் அப்படிச் சொன்னீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. நீங்கள் சொன்னது யன்னலைக் கொஞ்சம் திற என்பதுதான். ஆகவே இது நீங்கள் கேட்ட வாக்கு இல்லை. நானாகத் தருகிறேன்.

முடிவு என்னவாக இருந்தாலும் அதை அவள் ரெலிபோனில் கேட்கமாட்டாள். அலுவலக உறையைக் கிழித்து வாசிக்கவும் மாட்டாள். வெளிவந்த அன்றே நான் பாலம் தாண்டிப் போய் அவளுக்கு நேரே சொல்வேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன். அடுத்த வருடம் அவள் இந்தப் பாடத்தைத் திரும்பவும் எடுக்க வேண்டிவந்தால், அவளுடைய தாளை நான் தொடமாட்டேன். ஆனால் அவள் படகேறும் நாளில் நானும் ஏறுவேன். அவள் என்னை எப்படிக் கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
மலர்
திருகோணமலை